பிற்போடப்பட்ட இறுதியோட்டம்

மாமன்றத் தலைவர் பிலேந்திரன் பூமணியின் வீட்டு மணியை அடித்தபோது அவர் கையில் ஒரு பழக்கூடை இருந்தது. பூமணி கதவின் துளைவழியே கூடையை முதலில் பார்த்தார், மனிதர்களைப் பிறகு பார்த்தார். உள்ளே இருந்தது கொட்டையில்லாத திராட்சை. விலை கூடின சாமான். கேளாமல் வந்து நிற்கும் பழத்துக்குப் பின்னால் கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒன்று நிற்கும் என்பதை எண்பத்துநான்கு வயதில் ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

"புள்ள தக்சிலா, நம்மட ஆக்கள் ஆரும் செத்துப் போனாங்களா? ரெண்டு பேர் பழக்கூடையோட நிக்கிறானுகள்."

"இல்லம்மா. செத்த வீட்டுக்கு ஆரும் திராட்சை கொண்டு வருவாங்களா?" என்றாள் மகள். அவள் முதியோர் இல்லத்தில் தாதி. சாவு விடயத்தில் விவரம் தெரிந்தவள்.

"அப்ப இனித்தான் ஆரையோ சாகடிக்கப் போறானுகள். திற கதவ."

வீடு ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடி. பிலேந்திரன் மூச்சு வாங்கவில்லை, மின்தூக்கியில் வந்தவர். கூட வந்த குலசேகரம்தான் மூச்சு வாங்கினார். எந்த மின்தூக்கியையும் அவர் முழுதாக நம்புவதில்லை. அந்தக் குணத்துக்காகவே அவரை மாமன்றம் சரிபார்ப்புக் குழுவின் தலைவராக வைத்திருந்தது. ஊரில் நில அளவையாளராக இருந்து, நோர்வேயில் முப்பது வருடம் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். காற்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுநாடா.

ஒஸ்லோ அகிலத் தமிழர் மெய்வல்லுநர் மாமன்றத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். மாமன்றம் வருடத்தில் ஒருநாள், ஜூன் மாதத்தில், ஓட்டப்போட்டி நடத்தும். மிச்ச நாட்களில் கூட்டம் நடத்தும். போட்டியில் ஓடுகிறவர்களைவிடப் பொன்னாடை போர்த்தப்படுகிறவர்கள் கூட. அதற்குக் காரணம் உண்டு. ஒஸ்லோவில் பொன்னாடை கிடைக்காமல் வீடு திரும்பும் தமிழர் அடுத்த வருடம் தனிச் சங்கம் தொடங்கிவிடுவார். ஆகவே மாமன்றத்தின் ஒற்றுமை முழுவதும் பொன்னாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிலேந்திரன் சோபாவில் அமர்ந்ததும் மேடையில் ஏறியவர் போலத் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, பெண்கள் விளையாட்டுக்கு எங்கட மாமன்றம் குடுக்கிற இடம் வெளியில கனபேருக்குத் தெரியாது. நிர்வாகசபையில ஒரு கதிரையைப் பெண்களுக்கெண்டே ஒதுக்கி வைச்சிருக்கிறம். இருபது வருசமா அதில ஒருத்தரையும் இருக்க விடேல்லை. அவ்வளவு புனிதமாப் பாதுகாக்கிறம்."

"நல்லது மனே. தூசு தட்டுறீங்களா?"

"வருசா வருசம். இப்ப இந்தக் கொம்யூன்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்கினம், உங்கட சங்கத்தில பெண்கள் எங்கை எண்டு. மைதானம் தாற நகரசபை கேட்டால் நாங்கள் பதில் சொல்லத்தானே வேணும். அதுதான், அந்தக் காலத்தில ஊரில ஓடின மூத்த வீராங்கனை ஒராளைக் கௌரவிப்பம் எண்டு ஏகமனதாத் தீர்மானிச்சம்."

"இப்ப ஓடுற பெண்பிள்ளையள் இருக்காளுகளே?" என்று கேட்டாள் தக்சிலா.

"இருக்கினம் பிள்ளை. ஆனால் அவையைக் கூப்பிட்டால் கூட்டத்துக்கு வருவினம். வந்தால் கேள்வி கேப்பினம். ஓடி முடிஞ்ச ஆக்கள்தான் எங்களுக்குத் தோது."

பூமணி ஒரு திராட்சையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

"நான் இன்னும் ஓடி முடிக்கல்லியே மனே," என்றார்.

*

பூமணி ஓடத் தொடங்கியது மட்டக்களப்பு வாவிக்கரை மணலில். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களையும் முந்தினார். பதினாறில் ஆண்கள் பாடசாலை உடற்பயிற்சி ஆசிரியர் தன் மாணவர்களுடன் ஓடவைத்துப் பார்த்தார். பார்த்தபின் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசவேண்டாம் என்று தன் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். நீளம் பாய்தலுக்கு உமி கொட்டிய குழி. பாவாடை முழங்காலுக்கு எத்தனை விரல் கீழே என்று தலைமை ஆசிரியை ஒவ்வொரு போட்டிக்கும் முன் விரல் வைத்து அளப்பார். பாய்ந்த தூரத்தை அவ்வளவு கவனமாக ஒருவரும் அளந்ததில்லை.

ஊர் சந்தேகப்பட்டது. "பெட்டை எதுக்கு ஓடுது? ஆர் துரத்துறான்?" என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் விசாரித்தார்கள். கொழும்பில் நடந்த போட்டியில் பூமணி நான்காவதாக வந்தார். முன்னால் போன மூவரும் முள்ளுச் சப்பாத்து போட்டவர்கள். "வெறுங்காலுக்கு இது காணும்," என்று ஓர் அதிகாரி தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலைப் பூமணி மறக்கவேயில்லை. ஊருக்கு வந்து ஒரு சோடி சப்பாத்துக்குத் தகப்பனை ஆறுமாதம் நச்சரித்து வாங்கினார்.

பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. கீழைக்கரைப் பெண்கள் மெய்வல்லுநர் சங்கம் மட்டக்களப்பில் நூறு யார், அதாவது ஏறக்குறையத் தொண்ணூறு மீற்றர், ஓட்டம் வைத்தது. வென்றவருக்குச் சென்னையில் ஒரு போட்டிக்குப் போகும் வாய்ப்பு. தெரிவுச் சுற்றுகளில் ஒன்றில் பூமணி முதலாவது, மற்றதில் திருகோணமலையிலிருந்து வந்த செல்வமலர் முதலாவது. இருவரையும் இறுதியோட்டத்துக்கு மூன்றாம் நான்காம் கோடுகளில் நிறுத்தினார்கள். அப்போது பிரதம விருந்தினர் எழுந்து "பெண்ணும் அடக்கமும்" என்ற தலைப்பில் நான்கு வார்த்தை பேச விரும்பினார்.

அவர் அடக்கத்தைப் பற்றிப் பேசி முடித்தபோது பொழுது பட்டுவிட்டது. ஓடினால் எல்லைக்கயிறு தெரியாது. "இறுதியோட்டம் பிறிதொரு தினத்துக்குப் பிற்போடப்படுகிறது," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தத் தினம் வரவில்லை. ஒலிபெருக்கி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் சங்கம் இரண்டாக உடைந்தது. சென்னைக்கு ஓடுகிறவர் ஒருவரும் போகவில்லை. ஏன் ஒருவரும் வரவில்லை என்று விளக்குவதற்குச் செயலாளர் மட்டும் போய்வந்தார். பூமணி ஒரு வருடம் காத்திருந்தார். அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஊரில் யுத்தம், நோர்வே.

"ரத்துச் செய்யல்ல," என்று பூமணி இப்போது விரலை நீட்டினார். "பிற்போட்டானுகள். பிற்போட்ட ஓட்டம் எண்டா அது இன்னும் இருக்குதுதானே? எனக்குப் பொன்னாடை வேணாம், பட்டமும் வேணாம். அந்த நூறு யார ஓடி முடிக்க வழி செய்யுங்க. மறுகா உங்கட கொம்யூனுக்கு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்க."

பிலேந்திரன் குலசேகரத்தைப் பார்த்தார். சந்தையில் மீனின் விலையைக் கேட்டவரை மீன்காரி திராசையே வாங்கச் சொன்னால் அவர் எப்படி முழிப்பாரோ அப்படி முழித்தார்.

"இதை ஓர் உபகுழுவுக்கு விடுவம்," என்றார் குலசேகரம்.

*

உபகுழு முதலில் பூமணி உண்மையில் ஓடினாரா என்பதை ஆராயத் தீர்மானித்தது. அதில் நியாயமில்லை என்று சொல்லமுடியாது. இரண்டு வருடத்துக்கு முன் மாமன்றம் நெடுந்தூர ஓட்டவீரர் ஒருவருக்கு வாழ்நாள் விருது கொடுத்திருந்தது. அவர் ஓட்டக்காரர்களுக்கு நடுவே நிற்கும் படம் ஒன்று சாட்சியாக இருந்தது. விருதெல்லாம் கொடுத்து முடிந்தபிறகுதான் தெரிந்தது, அந்தப் படத்தில் அவர் பஸ் பிடிக்க வீதியைக் கடந்துகொண்டிருந்தார் என்பது.

"உங்கட ஓட்டத்தைப் பார்த்த ரெண்டு பேரைக் கொண்டு வாங்கோ," என்றார் குலசேகரம்.

"பார்த்த ஆக்கள் எல்லாம் செத்துப் போச்சு மனே."

"எல்லாரும் ஒரேயடியா எப்பிடிச் செத்தவை? அது கொஞ்சம் வசதியாக் கிடக்கே."

"ஒரேயடியா இல்ல. அறுபத்தாறு வருசமா ஒவ்வொண்டாச் செத்தானுகள். நான் ஒருத்தனையும் அவசரப்படுத்தல்ல."

சாட்சியில்லாத இடத்தில் விஞ்ஞானம் பேசட்டும் என்று குலசேகரம் முடிவெடுத்தார். அது மார்ச் மாதம், வெளியே பனி இறுகிக் கிடந்தது. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கடைகள் திறக்கும் முன் நீண்ட நடைபாதையில் அளவுநாடாவைப் பிடித்து, பூமணியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடச் சொன்னார். பூமணி ஓடினார். மருந்துக்கடைக்காரி கதவைத் திறந்து உதவி தேவையா என்று கேட்டாள். "இல்லை, விசாரணை," என்றாள் தக்சிலா.

குலசேகரத்திடம் தானே கண்டுபிடித்த ஒரு சூத்திரம் இருந்தது. இன்றைய வேகத்தை எடுத்து, வயதால் பெருக்கி, முழங்கால் நோவைக் கழித்து, குளிரைக் கூட்டினால் அன்றைய வேகம் வரும். கணக்குப் போட்டார். பூமணி ஐம்பத்தொன்பதில் நூறு யாரை ஓடிய வேகம், இன்றுவரை உலகத்தில் எந்த ஆணும் ஓடாத வேகமாக வந்தது. சூத்திரத்தில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவேயில்லை. ஊக்கமருந்து என்ற எண்ணம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு உபகுழு முழுவதும் பூமணி வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தது.

"அந்தக் காலத்தில காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"குரக்கன் புட்டு. வாவி மீன். தயிர்."

குலசேகரத்தின் தலை நிமிர்ந்தது. "தயிர். மாடோ, எருமையோ?"

"எரும."

மட்டக்களப்பு எருமைத் தயிரின் புகழ் மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். உபகுழுவில் மட்டக்களப்பார் ஒருவரும் இல்லை.

"சட்டித் தயிரோ?" என்றார் ஓர் உறுப்பினர் மெதுவாக.

"வேற எதுல தம்பி? போத்தல்லயா?"

"எவ்வளவு?"

"வயிறு காணும் எண்டுற வரைக்கும்."

"யாழ்ப்பாணத்து வீராங்கனையளுக்கு இந்த வசதி இருக்கேல்லை," என்று குலசேகரம் கனத்த குரலில் சொன்னார். "இது சமமான போட்டி இல்லை எண்டதை நான் இந்த இடத்தில பதிவு செய்ய வேணும். உண்மையை அறிய வேணுமெண்டால் பொருளைப் பரிசோதிக்க வேணும்."

பக்கத்து நகரம் திராமனில் ஒரு தமிழ்க் கடையில் சட்டியில் உறைந்த தயிர் கிடைக்கும். தக்சிலா காரில் போய் வாங்கிவந்தாள். உபகுழு பரிசோதித்தது. முடிவு சொல்ல ஒரு கரண்டி போதாது என்று இரண்டாம் முறையும் பரிசோதித்தது. மூன்றாம் முறை மேலே ஊற்ற இனிப்புப் பாணியும் கேட்டது. சட்டி வெறுமையானபின் உறுப்பினர்கள் எழுந்து வாசல்வரை நடந்து காட்டினார்கள். ஒருவருடைய வேகமும் கூடவில்லை, இருவருக்கு நித்திரை வந்தது. தயிர் குற்றமற்றது என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று.

"அம்மா, இவங்க உங்கள ஓட விடமாட்டாங்க," என்றாள் தக்சிலா, சட்டியைக் கழுவிக்கொண்டு. "அடுத்ததா உங்கட பாவாடைய அளக்கக் கேப்பாங்க."

"கேக்கட்டும். அளந்து பழகின பாவாடதான்," என்றார் பூமணி.

*

அதற்கு முன் வேறொரு செய்தி வந்தது. நோர்வேயின் இன்னொரு நகரான பேர்கனிலிருந்து.

மூன்று வருடத்துக்கு முன் மாமன்றத்தின் போட்டியில் பொன்னாடை ஒன்று குறைந்துபோனது. அது கிடைக்காதவர் பேர்கனுக்கு மாறிப்போய் அங்கே தனிச் சங்கம் தொடங்கியிருந்தார். அந்தச் சங்கம் இப்போது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு நூறு யார் வெற்றியாளரைக் கௌரவிக்கப் போவதாக அறிவித்தது. பெயர், செல்வமலர்.

பிலேந்திரன் தொலைபேசியில் பதறினார். "ஓர் ஓட்டத்துக்கு எப்பிடி அம்மா ரெண்டு வெற்றியாளர்? குலசேகரம் சொல்லுறார், ரெண்டு பேரையும் பொய் எண்டு அறிவிச்சால் பிரச்சினை தீரும் எண்டு."

"செல்வமலர் உயிரோட இருக்காளா?" என்றார் பூமணி. அவர் குரல் மாறியதைத் தக்சிலா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "நம்பரத் தாங்க மனே."

பூமணி அழைத்தார்.

"நான் பூமணி."

செல்வமலர் கேட்டார்: "எந்தப் பூமணி?"

"மூணாம் கோட்டுப் பூமணி."

"நீ இன்னும் இருக்கிறியோ?"

"ஏன், நான் செத்தா நீ முதலாமிடமோ?"

"அப்பிடித்தான் பேர்கன் ஆக்கள் சொன்னவை. மற்றவ இல்லாட்டி முதல் நீங்கதான் எண்டு. நான் கேட்டனான், மற்றவ இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு. விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறம் எண்டவை."

"இருக்கன்கா. ஓடவும் செய்யிறன்." ஊரில் பெண்ணைப் பெண் உரிமையோடு கூப்பிடும் 'கா' பூமணியின் வாயில் தானாக வந்தது.

"முழங்கால் எப்பிடி?"

"உன்ட எப்பிடி?"

"முதல் கேட்டது நான்."

"ரெண்டும் நல்லம்," என்று பூமணி பொய் சொன்னார்.

"எனக்கு ஒண்டு மாத்தினது."

"எந்தக் கால்?"

"அதை ஏன் உனக்குச் சொல்ல?"

இருவரும் சிரிக்கவில்லை. சாமான் பார்க்க வந்த இரண்டு சமர்த்தர்கள் ஒருவரை ஒருவர் நோட்டம் பார்த்த மாதிரி. கடைசியில் செல்வமலர்தான் வாய்திறந்தார். "அந்தாள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்க நீ கால் மாத்தி மாத்தி நிண்டாய். களைச்சுப் போனாய். அண்டைக்கு ஓடியிருந்தா நான்தான்."

"ஒஸ்லோவுக்கு வாகா. ஜூன் மாசம். இஞ்ச அப்ப இருட்டாது. எவன் எவ்வளவு நேரம் கதைச்சாலும் சூரியன் போகாது."

இது பூமணியின் கணக்கு. மட்டக்களப்பில் ஓட்டத்தைத் தின்றது இருட்டு. ஒஸ்லோவில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் பேப்பர் வாசிக்கலாம். இந்த நாட்டில் அடைந்த வேறு எந்த நன்மையையும்விட இதுவே அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

செல்வமலர் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. "என்னை ஆரும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். ரயில்ல நானே வாறன். வழியில எனக்கு ஏதும் நடந்தா அது நீ செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியவேணும்."

மாமன்றம் மகிழ்ந்தது. ஒரே மேடையில் இரண்டு மூத்த பெண்கள். கொம்யூனுக்கு அனுப்ப இதைவிட நல்ல படம் கிடைக்காது.

*

போட்டி நாள் வந்தது. கிரூருட் பள்ளத்தாக்குப் பக்கம் கொம்யூனின் சிறு மைதானம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மாமன்றத்துக்கு. குலசேகரம் விடிகாலையே வந்து நூறு யாரை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். மூன்று முறை அளந்தார். அந்த ஒரு விடயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மங்கள விளக்கேற்றலுடன் நிகழ்ச்சி தொடங்கவேண்டும். மைதானத்தில் காற்று. ஐந்து திரியும் ஒரே நேரத்தில் எரியாமல் எதுவும் தொடங்கக்கூடாது என்பது மாமன்றத்தின் யாப்பில் உள்ள விதி. முதல் திரியை ஏற்ற மூன்றாவது அணையும். விருந்தினர்கள் விளக்கைச் சுற்றிச் சுவர் போல நின்றார்கள். யார் எந்தப் பக்கம் நிற்பது என்று வாக்குவாதம் வந்தது. பதினொன்றரைக்கு ஐந்தும் எரிந்தன, கைதட்டல் காற்றில் இரண்டு அணைந்தன. அவற்றை எரிந்ததாகக் கொள்ளலாமா என்று சரிபார்ப்புக் குழு கூடியது.

பிறகு கொடியேற்றம், அணிநடை, சத்தியப்பிரமாணம். குழந்தைகளின் ஓட்டங்கள் நடந்தன என்று சொல்கிறார்கள். பொன்னாடைகளுக்கு இடையில் அவை நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. பேர்கன் தலைவருக்கும் இந்த முறை தவறாமல் ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. அவர் அதைத் திருப்பிப் பார்த்து, சரிகை உண்மையா என்று நகத்தால் சுரண்டினார்.

இறுதியோட்டம் இரண்டு மணிக்கு. இரண்டு மணிக்குப் பூமணியும் செல்வமலரும் புறப்பாட்டுக் கோட்டில், மூன்றாம் நான்காம் கோடுகளில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்த்தப்பட்டார்கள். இருவர் தோளிலும் பொன்னாடை, அதற்குமேல் "மாமன்ற வீராங்கனை" என்று எழுதிய பட்டி. செல்வமலர் ஒல்லி, நீலக் காற்சட்டை. பூமணி அவரது கால்களை மாறிமாறிப் பார்த்தார்.

"எந்தக் கால் எண்டு தேடுறியோ?"

"சப்பாத்தப் பார்த்தன்."

"புதுசு."

"புதுசு கடிக்கும்கா."

"நீ கவலைப்படாத."

மேடையில் பிலேந்திரன் எழுந்தார். "ஓட்டத்துக்கு முதல் நான்கு வார்த்தை," என்றார்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு முதன்முறையாக அந்தப் பார்வையில் பகை இல்லை.

"அன்பானவர்களே," என்று பிலேந்திரன் முழங்கினார். "ஐம்பத்தொன்பதில ஒரு பேச்சு ஒரு ஓட்டத்தைக் கெடுத்தது. அது எவ்வளவு பெரிய அநியாயம் எண்டதை நாங்கள் ஆற அமர இருந்து சிந்திக்க வேணும். நேரத்தின் அருமை தெரியாத அந்த அதிகாரிகளைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாச் சொல்ல விரும்புறன்."

விரிவாகச் சொன்னார். அவருக்குப் பிறகு பேர்கன் தலைவர் பேசினார். ஒஸ்லோ தலைவர் பேசிய அளவு பேசாவிட்டால் பேர்கன் இறங்கிப்போனதாக ஆகிவிடும். பிறகு அனுசரணையாளர்கள். பிறகு, பேசாவிட்டால் அடுத்த வருடம் சங்கம் தொடங்கக்கூடிய மூவர். சூரியன் அசையாமல் நின்றது. பூமணியின் கணக்கு சரி, சூரியன் தன் பங்கைச் செய்தது. தக்சிலா தாயின் முழங்காலுக்கு மேல் போர்வையை இழுத்துவிட்டாள். செல்வமலர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். தக்சிலா இன்னொரு போர்வை எடுத்துவந்து அவருக்கும் போர்த்தினாள். "இதுக்குள்ள ஒண்டும் இல்லையே?" என்று செல்வமலர் உதறிப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானப் பொறுப்பாளர் கிறிஸ்ரியன் வந்தார். சிவப்புத் தாடி, இடுப்பில் சாவிக்கொத்து. ஐந்து மணிக்கு எல்லோரும் வெளியே போகவேண்டும் என்று தாழ்மையாகச் சொன்னார்.

"இன்னும் நன்றியுரை இருக்கு," என்றார் பிலேந்திரன் நோர்வேஜிய மொழியில்.

"ஓட்டம்?" என்று கேட்டார் கிறிஸ்ரியன், கோட்டில் இருந்த இருவரைக் காட்டி.

"நன்றியுரையை விட ஏலாது. அதில நாற்பது பேரின்ர பேர் இருக்கு."

கிறிஸ்ரியன் மணிக்கூட்டைப் பார்த்தார். நோர்வேயில் அதற்குமேல் வாதம் கிடையாது. பிலேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்து, தவிர்க்க முடியாத காரணங்களால் இறுதியோட்டம் பிறிதொரு தினத்துக்குப் பிற்போடப்படுகிறது என்று அறிவித்தார். நன்றியுரைத் தாள்களை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டார். சபை எழுந்து வெளியே போயிற்று, வாகனத் தரிப்பிடத்தில் கையடக்க ஒலிவாங்கியுடன் நன்றியுரை தொடர்ந்தது.

*

கம்பிவேலிக்கு வெளியே செல்வமலர் தன் பையைத் தோளில் மாட்டினார். "ஏழு மணிக்கு எனக்கு ரயில். இனி ஆர் உயிரோட இருந்து..."

பூமணி அசையவில்லை. வேலிக்கு உள்ளே வெறும் மைதானம். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கோடு. மேலே அத்தனை வெயில்.

பக்கத்துச் சிறு கதவில் கிறிஸ்ரியன் நின்றார். அவர் அதைப் பூட்டவில்லை. பூமணிக்குச் சந்தேகம் வந்தது. "ஏன் பூட்டல்ல எண்டு கேளு," என்றார் மகளிடம்.

தக்சிலா கேட்டாள். கிறிஸ்ரியன் தோளைக் குலுக்கினார். பெரிய வாசல் பதிவுசெய்த சங்கங்களுக்கு. ஐந்து மணிக்குப் பிறகு சங்கத்துக்கு அனுமதி இல்லை. ஆனால் பதிவு முடிந்தால் மைதானம் பொதுமக்களுக்கு, யாரும் வந்து ஓடலாம். சும்மா ஓடுகிறவர்களுக்கு அனுமதி எதற்கு? பிறகு, விதி விதிதான் என்பதால், ஒன்று கேட்டார். "இவர்கள் அந்தச் சங்கமா?"

பூமணி தோளிலிருந்த பட்டியைப் பார்த்தார். "மாமன்ற வீராங்கனை." மூன்று மாத விசாரணை, ஒரு சட்டித் தயிர், அதன் விலையாகக் கிடைத்த துணி. அதைக் கழற்றினார். பொன்னாடையையும் உருவி இரண்டையும் வேலியில் போட்டார்.

"இல்ல," என்றார். "நாங்க சும்மா ஆக்கள்."

"நானும்தான்," என்றார் செல்வமலர். அவர் பொன்னாடையைப் போடவில்லை, மடித்துப் பைக்குள் வைத்தார். பட்டியை மட்டும் வேலியில் போட்டார்.

கோட்டில் நின்றார்கள். எல்லையில் நின்று பார்க்கத் தக்சிலா ஓடினாள். "உன்ர மகள் உனக்குத்தான் சொல்லுவாள்," என்றார் செல்வமலர். "அவள் சொல்லத் தேவல்ல. முந்தினவளுக்கும் பிந்தினவளுக்கும் தெரியும்," என்றார் பூமணி. புறப்பாட்டை யார் சொல்வது? இருவரும் மற்றவரை நம்பவில்லை. இருவரையும் அறியாத ஒரே மனிதர் கிறிஸ்ரியன்தான். அவர் சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்து, "க்ளார், ஃபாடி, கோ!" என்று தன் மொழியில் புறப்பாடு சொன்னார்.

அதை ஓட்டம் என்பதா நடை என்பதா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு குழு வேண்டும். இரண்டு வயதான பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை வீசி, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே போனார்கள். பாதிவரை பூமணி முன்னால். அவர் காதில் காற்று இரைந்தது, அந்த இரைச்சலை அவர் மறந்தே போயிருந்தார். பிறகு வலது முழங்கால் தன் உண்மையைச் சொல்லத் தொடங்கியது. நீலக் காற்சட்டை பக்கத்தில் வந்தது. கடைசிக் கோட்டில் செல்வமலரின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் போனது.

இருவரும் புல்லில் அப்படியே இருந்துவிட்டார்கள். தக்சிலா நாடி பிடிக்க ஓடிவந்தாள், இருவரும் கையை உதறினார்கள்.

மூச்சு வந்ததும் பூமணி சொன்ன முதல் வார்த்தை: "நீ முந்தி வெளிக்கிட்டாய்."

"இல்லை."

"அவன் 'கோ' சொல்ல முதல் உன்ட கால் போயிட்டுது. நான் பார்த்தன்."

"முன்னுக்குப் பார்க்காமல் என்ர காலைப் பார்த்தால் இப்பிடித்தான் தோப்பாய். பிழையெண்டால் முறைப்பாடு குடு."

"ஆரிட்ட?"

செல்வமலர் மோவாயால் வேலியைக் காட்டினார். வாகனத் தரிப்பிடத்தில் பிலேந்திரனின் குரல், பிற்போடப்பட்ட ஓட்டத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமைக்கப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. குலசேகரம் மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி, கம்பிகளுக்கு ஊடாகச் சுண்ணாம்புக் கோட்டையும் அதன் முனையில் புல்லில் இருந்த இரு பெண்களையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெல்ல அளவுநாடா இருந்த காற்சட்டைப் பைக்குள் போனது.

பூமணி அந்தக் கையைப் பார்த்தார்.

"நீதான் முதல்," என்றார் அவசரமாக.

செல்வமலர் கண்ணைச் சுருக்கினார். "என்ன, இவ்வளவு லேசா விட்டுத் தாறாய்?"

"லேசா இல்லகா. இன்னொருக்கா ஓடச் சொல்லு, இப்பவே எழும்பி ஓடுறன். விசாரணைக்கு மட்டும் என்னால ஏலாது."